தோட்டத்துச் சோலருக்கு 12 வோல்ற்றா, 24 வோல்ற்றா?

ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் மிளகாய்த் தோட்டம். பனலும் பற்றரியும் கொட்டிலில், கிணறு அங்கிருந்து 25 மீற்றர். முதலில் 12 வோல்ற்றில் போட்டேன், போன வருடம் 24க்கு மாறினேன். இரண்டையும் பாவித்ததால் சொல்கிறேன், கிணறு தள்ளி இருந்தால் 24தான்.

12இல் நல்லது இல்லாமல் இல்லை. பல்ப், போன் சார்ஜர், மருந்தடிக்கிற மெசின் எல்லாம் அதில் ஓடும், ஒரு பற்றரி இருந்தாலே போதும். வெளிச்சத்துக்கு மட்டும் என்றால் அதையே போடுங்கள்.

தண்ணீர் இறைக்கத்தான் அது எனக்குப் போதவில்லை. பார்க்க வந்தவர் மோட்டரை நிற்பாட்டிவிட்டுக் கிணற்றடியில் அளந்தார், 12.8 காட்டியது, கரண்ட் சரியாக வருகிறது, மோட்டர்தான் பழுது என்றார். மோட்டரில் ஒரு பழுதும் இல்லை. மின்னோட்டம் இல்லாத வயரில் வோல்ற் இறங்காது, அப்படி அளந்தால் எந்த வயரும் நல்ல வயராகத்தான் தெரியும்.

பிறகு மோட்டரை ஓடவிட்டு நானே அளந்தேன். பற்றரியில் 12.6, கிணற்றடியில் 9.1. ஓட்டம் 15 அம்பியர். (சாதாரண மல்ரிமீற்றர் பெரும்பாலும் 10 அம்பியருக்கு மேல் தாங்காது, பியூஸ் போய்விடும். டீசி அளக்கிற கிளாம்ப் மீற்றராகப் பார்த்து வாங்குங்கள், மலிவானவை பல ஏசி மட்டும்தான் காட்டும்.)

இனிக் கணக்கு, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வயரில் தொலைந்தது 3.5 வோல்ற். அதை 15ஆல் பிரித்தால் வயரின் தடை 0.23 ஓம். 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், போக வர 50 மீற்றர் என்றால் அவ்வளவுதான் வரும், ஆகவே வயரிலும் பிழை இல்லை. வலு பார்க்கப் பெருக்க வேண்டும்: பற்றரி கொடுத்தது 12.6 தர 15, 189 வாற். வயரைச் சூடாக்கியே போனது 3.5 தர 15, 52 வாற். கால்வாசிக்கு மேல்!

அதே வயர், அதே இரண்டு பற்றரி. சமாந்தரமாக (பிளஸ்சோடு பிளஸ், 12 வோல்ற்) இருந்ததைத் தொடராக (ஒன்றின் பிளஸ் மற்றதின் மைனசோடு, 24 வோல்ற்) மாற்றி 24 வோல்ற் மோட்டர் பூட்டினேன். இப்போது ஓட்டம் 8 அம்பியர், வயரில் இறங்குவது 1.9 வோல்ற், இழப்பு 15 வாற். ஓட்டம் பாதியானால் இழப்பு பாதியாகாது, காலாகும், ஏனென்றால் இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது. 12இலேயே இருந்துகொண்டு இழப்பை இந்த அளவுக்குக் குறைக்க கிட்டத்தட்ட நாலு மடங்கு குறுக்குப் பரப்புள்ள வயர் இழுக்க வேண்டும், அதுவும் செப்பில். மோட்டர் மாற்றிய காசு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பனல்களையும் தொடராக்க வேண்டும், பனலிலிருந்து பற்றரிக்குச் சார்ஜை அளவாக விடும் சார்ஜ் கொன்ற்றோலர் 24க்குப் பொருந்துமா என்று முதலே பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: பல்ப்புக்கு 12 வேண்டும் என்று ஒரு பற்றரியில் மட்டும் வயர் எடுக்காதீர்கள். அது மட்டும் இறங்கி, மற்றது அளவுக்கு மேல் சார்ஜாகி, இரண்டும் கெடும். 24ஐ 12 ஆக்கும் கொன்வேற்றர் ஒன்று போடுங்கள். 24இல் எனக்கு ஒரு வருட அனுபவம்தான், பற்றரி எத்தனை வருடம் தாங்கும் என்று இப்போதே சொல்ல மாட்டேன். தண்ணீர் மட்டும் முந்தியதைவிட நன்றாக வருகிறது.