பழைய காருக்கு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய கார் வைத்திருப்பவர்கள் ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன் மாட்ட ஒர்க்‌ஷாப்பில் விடப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு விடுங்கள். பழைய கார்களில் அனுபவம் உள்ளவர்கள் என்று சொல்லிக்கொண்ட ஓர் இடத்தில் என் காரை விட்டேன். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, தீப்பிடிக்கும் நிலையில் வயரிங் செய்து அனுப்பிவிட்டார்கள்.

ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்), ஃபியூஸ், தெர்மோ சுவிட்ச் (சூடு ஏறினால் ஃபேனை ஓடவைக்கும் சுவிட்ச்), பேட்டரியிலிருந்து தனி லைன் என்று தெளிவாகப் பேசித்தான் கொடுத்தேன். பில்லிலும் எல்லாம் இருந்தது. வண்டியைச் சூடாக்கி, ஃபேன் சுற்றுவதைக் காட்டினார்கள். பானெட்டைத் திறந்தால் புத்தம்புது ரிலே பளிச்சென்று தெரிந்தது.

சில நாட்களில் ஒரு விசித்திரம். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியை அணைத்தால், எஞ்சின் உடனே நிற்காமல் ஓரிரு நொடி ஓடியது. ஃபேன் ஓடாதபோது அணைத்தால் சட்டென்று நின்றது. போன் செய்து கேட்டேன். "கார்புரேட்டர் வண்டி அப்படித்தான் சார், ஐடிலைக் குறைச்சா சரியாயிடும்" என்றார்கள். கார்புரேட்டர் வண்டி அப்படி ஓடினால் உதறி உதறித்தான் நிற்கும். இது சீராக ஓடியது. சாவியை அணைத்தாலும் ஃபேன் இறக்கை கொஞ்ச நேரம் சுற்றுமே, அந்த நேரத்தில் அதன் மோட்டாரே கரண்ட் உற்பத்தி செய்யும். அந்தக் கரண்ட் திரும்பி வந்து, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகிறது என்றால், ஃபேனை இக்னிஷன் லைனிலேயே கோத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் டேஷ்போர்டு பக்கம் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். இக்னிஷன் சுவிட்சின் பின்னால், காயிலுக்குப் போகும் வயரிலேயே ஃபேன் வயரை முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். சூட்டில் டேப்பின் பசை இளகிக் கையில் ஒட்டியது. பிரித்தால் உள்ளே செம்புக் கம்பி கறுத்துப்போயிருந்தது. அந்த லைனில் ஃபியூஸே இல்லை. முன்பக்கம் போய் ரிலேயைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்க்ரூ போட்டு அழகாக மாட்டியிருந்தார்கள், ஆனால் அதில் ஒரு வயர்கூட இல்லை. வெறும் காட்சிக்கு! இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவசரத்தில் செய்த தப்பு இல்லை இது, தெரிந்தே செய்த ஏமாற்று.

இந்த ஃபேன்கள் சாதாரணமாக 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும், சுற்றத் தொடங்கும் கணத்தில் இன்னும் பல மடங்கு. பழைய இக்னிஷன் சுவிட்ச் அதைத் தாங்காது. ஒழுங்கான வயரிங்கில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், அதிலிருந்து ரிலேயின் 30-ஆம் முனை, 87-இலிருந்து ஃபேன். 86-க்குச் சாவி லைன், 85-இலிருந்து தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த், அதாவது வண்டியின் பாடி. அப்போது சாவி சுவிட்ச் வழியாகப் போவது ரிலேயை இழுக்கத் தேவையான கரண்ட் மட்டும்தான், அது கால் ஆம்பியர்கூட வராது.

எர்த் வயரையும் பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போல்ட் போட்டிருந்தார்கள். ஃபேன் ஓடும்போது மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 12.4 வோல்ட், ஃபேன் முனைகளில் 9.8. நடுவில் காணாமல்போன வோல்ட் எல்லாம் வயரிலும் ஜாயின்ட்டிலும் சூடாக மாறிக்கொண்டிருந்தது.

என் வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டர் இருக்கிறது. அதற்கு முந்தைய காலத்து டைனமோ உள்ள வண்டிக்காரர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். லூக்காஸ் சி40 டைனமோ அதிகபட்சமே 22 ஆம்பியர்தான் கொடுக்கும், ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றும் தராது. ஃபேன் தேவைப்படுவதோ நெரிசலில் நிற்கும்போதுதான். பாசிட்டிவ் எர்த் வண்டியா (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்ததா) என்று கேட்காமல் மாட்டினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, வரும் காற்றையே எதிர்க்கும். இவர்கள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

போட்டோக்களோடு நேரில் போனேன். "காட்டினப்ப சுத்துச்சே சார்" என்பதே பதில். பணம் திரும்ப வரவில்லை. வேறொரு எலக்ட்ரீஷியனிடம் சுவிட்ச் உட்பட முழுவதும் மாற்றவேண்டி வந்தது.

நீங்கள் வண்டியை எடுக்கப் போகும்போது, ஃபேன் ஓடும் நேரத்தில் ரிலேயைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். ஃபேன் நிற்க வேண்டும். திரும்பப் போட்டுவிட்டு, ஃபியூஸைக் கழற்றச் சொல்லுங்கள். அப்போதும் நிற்க வேண்டும். இரண்டில் எதற்கு நிற்காவிட்டாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள், வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டும் வராதீர்கள்.