யாக்-52: நிற்கும்போது கெடும் விமானம் – நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

இரண்டு பேர் அமரும் சாகசப் பயிற்சி விமானமான யாக்-52-ஐ வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெட்ரோல் கணக்கைத்தான். அது எளிது: சாதாரணப் பறப்பில் மணிக்குச் சுமார் 60 லிட்டர், சாகசப் பறப்பில் அதற்கும் மேல். இரண்டு இறக்கையிலும் தலா 61 லிட்டர் டேங்க். ஆனால் இந்த விமானத்தை வைத்துக்கொள்ளும் செலவைத் தீர்மானிப்பது பறக்கும் நேரத்தைவிட, அது ஹேங்கரில் நிற்கும் நேரம்தான்.

சோவியத் ஒன்றியத்தின் தோசாஃப் (பொதுமக்களுக்குப் பறப்பும் பிற ராணுவத் திறன்களும் கற்பித்த அமைப்பு) பயிற்சிக் கழகங்களுக்காக யாக்கவ்லெவ் விமான வடிவமைப்பு நிறுவனம் வடிவமைத்து, ருமேனியாவின் பக்காவ் நகரில் கட்டப்பட்ட விமானம் இது. அங்கே தினமும் பல முறை ஏறி இறங்கியது. காலையில் எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்க மெக்கானிக் குழு இருந்தது. இன்று பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ தனியார் கையில் இருக்கும் ஒரு யாக், மழைக்காலம் முழுக்க அசையாமல் கிடக்கும். இங்கே சொல்லப்போகும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த ஓய்வில் பிறப்பவை. ஆயில் இருக்கக்கூடாத இடத்துக்கு இறங்கும், காற்று கசிந்து போகும், தண்ணீர் தங்கும்.

ஹைட்ராலிக் லாக்

யாக்கில் இருப்பது எம்-14பி: சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ஒன்பது சிலிண்டர் ரேடியல் எஞ்சின், 360 குதிரைசக்தி. ஆயில் டேங்க் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவர்), எஞ்சினின் அடிப்பகுதியைவிட உயரத்தில் இருக்கிறது. விமானம் நிற்கும்போது பம்ப்பில் உள்ள தடுப்பு வால்வு வழியே ஆயில் மெல்ல மெல்ல எஞ்சினுக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே தொங்கும் 4, 5, 6, 7 எண் சிலிண்டர்களில் தேங்கும். ஸ்டார்ட்டுக்கு முன் கையால் பெட்ரோல் செலுத்தும் பிரைமை அளவுக்கு மீறிச் செய்தால் பெட்ரோலும் அங்கேதான் சேரும். திரவம் அமுங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் வளைவது அந்தச் சிலிண்டரின் இணைப்புத் தண்டு. வளைந்த தண்டு அன்றைக்கே உடைவதில்லை என்பதுதான் இதில் பயங்கரம். எஞ்சின் நன்றாக ஓடும், பல மணி நேரம் பறக்கும்; பிறகு ஒரு நாள் வானத்தில் உடையும்.

அதனால் அன்றைய முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ப்ரொபெல்லரைக் கையால் சுற்றியே ஆகவேண்டும். மேக்னட்டோ (பிளக்குக்குப் பொறி தரும் கருவி) ஆஃப், திராட்டில் மூடியிருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். மேக்னட்டோவை ஆஃப் செய்திருந்தாலும் ப்ரொபெல்லர் இலையை உயிருள்ளதாகவே நினைத்துத் தொட வேண்டும்.

எத்தனை இலை சுற்றுவது? எஞ்சினுக்கும் ப்ரொபெல்லருக்கும் இடையே கியர் விகிதம் 0.658. ஒன்பது சிலிண்டரும் ஒரு முறை அழுத்தச் சுற்றைக் கடக்க கிராங்க் இரண்டு சுற்று, அதாவது ப்ரொபெல்லர் 1.32 சுற்று. இரண்டு இலை ப்ரொபெல்லரில் அது மூன்று இலைக்குச் சற்றுக் குறைவு. மூன்றோடு நிறுத்தக்கூடாது, உட்கொள் குழாயில் கிடப்பது அடுத்த சுற்றில்தான் சிலிண்டருக்குள் வரும். எட்டு இலை சுற்றினால் முழுச் சுழற்சி மூன்று கிடைக்கும், அது போதும். அவசரப்படாமல், ஒவ்வொரு அழுத்தத்தையும் கையில் உணர்ந்தபடி சுற்ற வேண்டும். நல்ல அழுத்தம் ரப்பர் பந்தை அமுக்குவதுபோல் எதிர்த்துப் பிறகு விட்டுக்கொடுக்கும். லாக் ஆனது சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அந்த வித்தியாசம் ஒரு முறை கைக்குப் பிடிபட்டால் மறக்காது.

சுவரில் முட்டினால் உடனே கையை எடுங்கள். இருவர் சேர்ந்து தள்ளிப் பார்ப்பது கூடவே கூடாது. 2.4 மீட்டர் நீளமுள்ள ப்ரொபெல்லர் ஒரு பெரிய நெம்புகோல். தண்டை வளைக்க மனித பலமே போதும். அதைவிடப் பெரிய தவறு பின்பக்கமாகத் திருப்புவது. அப்படிச் செய்தால் சிலிண்டரில் இருந்த ஆயில் திறந்திருக்கும் உட்கொள் வால்வு வழியே குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும். ப்ரொபெல்லர் எளிதாகச் சுற்றும், எல்லாம் சரி என்று தோன்றும். ஸ்டார்ட் ஆன நொடியில் அத்தனையும் திரும்ப உள்ளே உறிஞ்சப்படும். லைகமிங் (அமெரிக்கச் சிறு விமான எஞ்சின்) பழக்கத்தில் வருபவர்கள் கவனிக்க வேண்டியது: இந்த எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றுகிறது. முன்னால் நின்று பார்த்தால் கடிகாரச் சுற்று.

சரியான வழி, கீழ்ச் சிலிண்டர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அடியில் தட்டு வைத்து வடிய விடுவது. பிறகு பிளக் இல்லாமலே எட்டுப் பத்து இலை சுற்றி, பிளக்கைத் துடைத்து மாட்ட வேண்டும். அரைமணி நேர வேலை. கீழ் உட்கொள் குழாய்களுக்கு வடிகால் பொருத்திக்கொள்வது நல்ல முதலீடு, தயங்காமல் செய்யலாம். ஆயில் லைனில் மூடும் வால்வு பொருத்துவதைப் பற்றி எங்கள் கருத்து வேறு: அது மூடியிருந்தால் ஸ்டார்ட் ஆகவே விடாத இணைப்பு இருந்தால் மட்டும் பொருத்துங்கள். திறக்க மறந்து ஸ்டார்ட் செய்த எஞ்சினைக் காப்பாற்ற வழியில்லை.

காற்று

இந்த விமானத்தில் ஸ்டார்ட்டர், லேண்டிங் கியர் (மடங்கும் சக்கரத் தொகுதி, இனி கியர்), ஃபிளாப் (இறங்கும்போது இறக்கையின் அடியில் விரியும் தகடு), பிரேக் எல்லாமே காற்றில் இயங்குபவை. 11 லிட்டர் முதன்மைக் குடுவை, 3 லிட்டர் அவசரக் குடுவை, இரண்டிலும் சதுர செ.மீ.க்கு 50 கிலோ அழுத்தம். எஞ்சினோடு ஓடும் கம்பிரஸர் இதை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

பறந்து முடித்ததும் காக்பிட்டில் உள்ள முதன்மைக் காற்று வால்வை மூடும் பழக்கம் கட்டாயம் வேண்டும். திறந்தே விட்டால் எங்கோ ஒரு ஊசித்துளைக் கசிவு ஒரே வாரத்தில் குடுவையைக் காலி செய்துவிடும். வெளியிலிருந்து நிரப்ப, கடலில் மூழ்குவோர் பயன்படுத்தும் காற்றுக் குடுவையே சிறந்தது. அதன் காற்று உலர்ந்தது. விமானத்தின் சொந்த கம்பிரஸர் தருவதைவிட மேலானது. ஆனால் அதில் 200 கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கும், 50-ல் நிறுத்தும் ரெகுலேட்டர் இல்லாமல் இணைக்கக்கூடாது. ஆக்சிஜன் குடுவையைப் பக்கத்தில்கூடக் கொண்டுவரக்கூடாது. குழாய்களின் உட்புறம் ஆயில் படிந்திருக்கும். அழுத்தமான ஆக்சிஜன் அதைத் தொட்டால் வெடிக்கும்.

கசிவு தேடும்போது பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டால் நேரம் மிச்சம். 50-க்கு நிரப்பி, முதன்மை வால்வை மூடி, ஓர் இரவு விடுங்கள். அழுத்தம் குறைந்தால் கசிவு குடுவைக்கும் வால்வுக்கும் நடுவிலோ நிரப்பும் வாயிலிலோ இருக்கிறது. குறையவில்லையென்றால் வால்வைத் திறந்து, பிரேக் பிடிக்காமல் கவனியுங்கள். இப்போது குறைந்தால் கியர், ஃபிளாப் பக்கம். பிரேக் பிடித்தால் மட்டும் சீறினால் சக்கரத்துக்குப் போகும் வளையும் ஹோஸையும் பிரேக் பகுதியையும் பாருங்கள். குழாய் இணைப்புகளுக்குச் சோப்பு நீர் போதும். கியரை ஏற்றி இறக்கும் செலக்டரின் வெளியேற்றத் துளையில் தொடர்ந்து காற்று வந்தால் கோளாறு பெரும்பாலும் செலக்டரில் இருக்காது; சிலிண்டருக்குள் தேய்ந்த ரப்பர் வளையம் ஒரு பக்கக் காற்றை மறுபக்கம் விடுகிறது.

"கம்பிரஸர் போய்விட்டது" என்று கழற்றியவற்றில் பல நன்றாகவே இருக்கும். ஸ்டார்ட் ஆனபின் அழுத்தம் ஏறவில்லையென்றால் வரிசை இதுதான்: முதலில் கசிவு, பிறகு அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வில் அழுக்கு மாட்டியிருக்கிறதா, பிறகு வடிகட்டி. கம்பிரஸர் கடைசியில்தான்.

தண்ணீர்தான் இந்த அமைப்பின் உண்மையான எதிரி. ஈரக்காற்றைப் பிழிந்து உள்ளே தள்ளினால் ஈரம் குடுவையில் தங்கும். பறக்கும் நாள் ஒவ்வொன்றிலும் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஈரப்பொறியின் வடிகாலைத் திறக்க வேண்டும். வெளியே வருவது தண்ணீரும் கம்பிரஸர் ஆயிலும் கலந்த பால் நிறக் கூழ். கைத்துணியில் பிடித்துப் பாருங்கள். வெள்ளையாக வந்தால் வழக்கம்தான். செம்பழுப்பாக வந்தால் குடுவைக்குள் துரு. அந்தத் துருத்தூள் குழாய் வழியே போய் ஸ்டார்ட் வால்வுகளின் இருக்கையில் படியும். குளிர்காலத்தில் இதே தண்ணீர் குழாயில் உறைந்து கியர் இறங்காமல் தடுக்கும். யாக்கின் சக்கரங்கள் மடங்கிய நிலையிலும் வெளியே தெரியும் வகையில் இருப்பதால் கியர் இல்லாமல் இறங்கினாலும் சேதம் பெரும்பாலும் ப்ரொபெல்லர், ஃபிளாப் அளவில் நிற்கும். ஆனால் தரையில் மோதிய ப்ரொபெல்லர் எஞ்சினையும் பிரித்துப் பார்க்க வைக்கும்.

ஸ்டார்ட் செய்யும் காற்றைச் சிலிண்டருக்குள் விடும் ஸ்டார்ட் வால்வு ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் ஒன்று. அது சரியாக மூடாவிட்டால் எரியும் வாயு காற்றுக் குழாய்க்குள் பின்னோக்கி வரும். சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தி, ஒன்பது மெல்லிய குழாய்களையும் அகச்சிவப்பு வெப்பமானியால் வரிசையாகப் பாருங்கள். எல்லாமே தலைக்கு அருகில் சூடாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் தனித்துச் சுட்டால், அல்லது அதன் பூச்சு கருகிக் கொப்பளித்திருந்தால், அந்த வால்வைக் கழற்றித் தேய்த்து உட்கார வையுங்கள்.

ஸ்டார்ட், சூடேற்றம், நிறுத்தம்

பிரைமரில் தாராளம் வேண்டாம். குளிர்ந்த எஞ்சினுக்கு மூன்று முதல் ஐந்து அடி, சூடானதற்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. அதிகப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். ப்ரொபெல்லர் சுற்றியும் பிடிக்காவிட்டால் மேலும் பிரைம் செய்யும் முன், ஸ்டார்ட்டிங் காயிலின் கிர்ர் என்ற ஓசை வருகிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் காற்றைச் செலவழிப்பது வீண். 11 லிட்டர் குடுவை தாராளமாக மன்னிக்காது.

ஆயில் 40 டிகிரி, சிலிண்டர் தலை 120 டிகிரி வரும்வரை சக்தி கூட்டக்கூடாது. சோதனை ஓட்டத்தில் உச்சச் சுழற்சியின் 70 சதவீதத்தில் ஒரு மேக்னட்டோவை அணைத்தால் வீழ்ச்சி 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக விழுந்தால் பதினெட்டு பிளக்கையும் கழற்ற அவசியமில்லை. பழுதான மேக்னட்டோவில் மட்டும் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, எந்தச் சிலிண்டரின் புகைக்குழாய் குளிர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது கீழ்ச் சிலிண்டராக, ஆயில் படிந்த பிளக்காக இருக்கும். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலின் ஈயப் படிவும் இதில் சேரும். மழைக்குப் பிறகு பல சிலிண்டர் ஒன்றாகத் தடுமாறினால் பிளக்கை விட்டு, வயர் தொகுப்பின் ஈரத்தைச் சந்தேகியுங்கள்.

நிறுத்தும் முன் குறைந்த சுழற்சியில் சிலிண்டர் தலை வெப்பத்தை 140–150 டிகிரிக்கு இறக்குங்கள். பிறகு 65–68 சதவீதத்தில் 20–30 நொடி ஓட்டினால் பிளக்குகள் சுத்தமாகும், எஞ்சின் அடியில் உள்ள ஆயிலும் டேங்குக்குத் திரும்பும். அதன்பின் மேக்னட்டோவை அணையுங்கள். இந்த அரை நிமிடத்தைத் தவிர்ப்பவர்களுக்கு மறுநாள் காலை கீழ்ச் சிலிண்டர்களில் அதிக ஆயில் காத்திருக்கும்.

ஆயில் அளவு 8 லிட்டருக்குக் கீழே இருந்தால் பறக்கக்கூடாது. அளவுகோலை நிறுத்தியவுடனே பாருங்கள். பல நாள் நின்றபின் பார்த்தால் ஆயிலில் ஒரு பகுதி எஞ்சினுக்குள் இருக்கும். குறைந்துவிட்டதென்று ஊற்றினால் ஓடியதும் டேங்க் நிரம்பிச் சுவாசக் குழாய் வழியே விமானத்தின் வயிற்றுப்பகுதி முழுக்கப் பீய்ச்சும். தனி வடிகட்டி பொருத்தாத எஞ்சினுக்கு 25 மணிக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவது நல்லது. மாற்றும்போதெல்லாம் ஆயில் வடிகட்டும் வலையைக் கழற்றிக் கழுவி, வந்த துகளைக் காந்தத்தில் சோதியுங்கள். கரித்துகள் சகஜம். காந்தத்தில் ஒட்டும் செதில் வந்தால் பறப்பதை நிறுத்திவிட்டுத்தான் அடுத்த யோசனை. காக்பிட்டில் உலோகத்துகள் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதை வயர் கோளாறு என்று ஊகித்து ஏறக்கூடாது.

மற்றவை

அசல் ப்ரொபெல்லர் மரத்தாலானது. நிறுத்தும்போது இலைகளைக் கிடையாக வையுங்கள்; செங்குத்தாக விட்டால் ஈரம் கீழ் இலைக்கு இறங்கிச் சமநிலை கெடும். பூச்சில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அது பூச்சோடு நிற்கிறதா, மரம்வரை போகிறதா என்று பார்க்காமல் மேலே சாயம் அடிக்கக்கூடாது. விமானத்தைத் திருப்பும் அசையும் பாகங்களான எய்லரான், எலிவேட்டர், ரட்டர் துணி மூடியவை. அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.

வாலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். காக்பிட் தரைக்கும் வால் கூம்புக்கும் நடுவில் பெரிய தடுப்பு இல்லை. தவறி விழுந்த பேனா, நாணயம், ஸ்க்ரூ டிரைவர் எதுவானாலும் தலைகீழ்ப் பறப்பில் பின்னோக்கி உருண்டு எலிவேட்டர் இணைப்பில் சிக்கும். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணி வையுங்கள், எண்ணிக்கை குறைந்தால் கிடைக்கும்வரை விமானம் வெளியே போகக்கூடாது. பின்பகுதிக்குத் துணித் தடுப்பு மாட்டிக்கொள்வது சிறு செலவு.

வாங்கும்போது பூச்சின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். இறக்கையின் முதன்மை ஸ்பாருக்கு (பாரம் தாங்கும் உத்தரம்) வலுவூட்டல் செய்யப்பட்டிருக்கிறதா, அதற்குக் காகிதம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதிலைப் பொறுத்து சாகசப் பறப்பின் வரம்பே மாறும். பிறகு எஞ்சின் பதிவேட்டில் தேதிகளைப் பாருங்கள். ஓவர்ஹாலுக்குப் பின் 100 மணி ஓடி ஆறு ஆண்டு நின்ற எஞ்சினைவிட, 350 மணி ஓடி ஒவ்வொரு வாரமும் பறந்த எஞ்சினையே நாங்கள் தேர்ந்தெடுப்போம். 2022-க்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து நேரடியாகப் பாகம் வரவழைப்பது கடினமாகிவிட்டது. எனவே ஸ்டார்ட் வால்வு இரண்டு, கம்பிரஸர் ஒன்று, ரப்பர் வளையத் தொகுப்பு ஒன்று, பிளக் ஒரு செட், பிரேக் ஹோஸ் இரண்டு ஆகியவற்றை விலைபேசும்போதே விமானத்தோடு சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.