செமியோன் கலந்ததா, தனி சோவினியோன் பிளாங்கா?

சுங்கை சிப்புட்டில் வெள்ளை ஒயின் தேடுகிறவர்கள் குறைவு. பீர், விஸ்கியோடு பேச்சு முடிந்துவிடும். தீபாவளி விருந்துக்கு ஒயின் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழ, ஈப்போ கடையில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது: சோவினியோன் பிளாங்க் திராட்சையில் மட்டுமே செய்த நியூசிலாந்து ஒயின், அல்லது அதோடு செமியோன் என்னும் இன்னொரு திராட்சை ரகம் கலந்த ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் ஒயின். நான் எடுத்தது கலவையை.

சோவினியோன் பிளாங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூடியைத் திறந்ததுமே கொய்யா, அறுத்த புல் வாசனை. நாக்கில் சுள்ளென்ற புளிப்பு. யாருக்கும் பிடிக்கும்.

செமியோனின் பெயர்தான் பலருக்குத் தெரியாது. 1822இல் தென்னாப்பிரிக்கத் திராட்சைத் தோட்டங்களில் 93 விழுக்காடு இந்த ரகம்தான் என்பார்கள். பிரான்சின் போர்டோ வட்டாரத்தின் புகழ்பெற்ற இனிப்பு ஒயினான சோட்டேர்னுக்கும் இதுவே முதுகெலும்பு. தோல் மெல்லியது என்பதால், அந்த இனிப்புக்குக் காரணமான பூஞ்சை இதில் சுலபமாகப் படிகிறது. இளம் ஒயினில் வாசனை குறைவு. ஆனால் வாயில் ஒரு கனம், மெழுகு தடவியதுபோல் வழுவழுப்பு. கலவையில் வாசனையும் புளிப்பும் சோவினியோன் பொறுப்பு, கனம் செமியோன் பொறுப்பு.

என்னை முடிவெடுக்க வைத்தது நம்மூர் வெயில். மத்தியானம் வீட்டுக்குள்ளேயே வெந்து போகிறோம். ஒயினுக்கென்று தனி அறை யாரிடம் இருக்கிறது? சோவினியோனின் கொய்யா வாசனையைத் தருபவை தயால் என்னும் கந்தகச் சேர்மங்கள். அவற்றில் சில சூட்டில் வேகமாகச் சிதையும். காசு கொடுத்தது அந்த வாசனைக்குத்தான், அது போய்விட்டால் மிஞ்சுவது புளிப்பு மட்டுமே. செமியோனுக்கு அப்படி இழக்க அதிகம் இல்லை. வெயில் அதையும் கெடுக்கும்தான், ஆனால் வாசனை மங்கினாலும் அந்தக் கனம் நிற்கிறது. திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் குடித்தபோதும் என் நாக்குக்குக் கலவைதான் தாங்கியது. இன்னொருவருக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆஸ்திரேலிய லேபிளில் ரகங்களை அளவின் வரிசையில்தான் போட வேண்டும். செமியோன் முதலில் இருந்தால் அதுதான் அதிகம். அப்புறம், வெயில் படும் கண்ணாடிக்குப் பக்கத்தில் அடுக்கிய பாட்டிலைத் தொடாதீர்கள், எந்த ரகமானாலும் சரி.

சாப்பாட்டுக்கு? புளி தூக்கலான மீன் தலைக்கறிக்குத் தனி சோவினியோனே மேல், அதை மறைக்க மாட்டேன். கோழிப் பிரட்டல், பொரித்த நெத்திலி என்றால் என் ஓட்டு கலவைக்கு.

ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் செமியோனைச் சீக்கிரமே பறித்துத் தனியாகவே ஒயின் செய்கிறார்கள். ஆல்கஹால் 11 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். காரச் சாப்பாட்டுக்கு அதுவும் நல்லது. பத்து வருடம் கிடந்தால் தேனும் வறுத்த ரொட்டியும் மணக்குமாம். நான் குடித்ததெல்லாம் இளசுதான், அதனால் அந்தக் கிழட்டு பாட்டிலுக்கு நான் சாட்சி இல்லை.