கேபிள் பாக்ஸின் கைடு பட்டன்: திட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரிமோட்டில், எந்தச் சேனலில் எப்போது என்ன நிகழ்ச்சி என்று பட்டியல் காட்டும் கைடு பட்டனை அழுத்துங்கள். மூன்று சேனலில் 'தமிழ் ஃபீச்சர் ஃபிலிம்' என்று இருக்கும். என்ன படம் என்பது மட்டும் இருக்காது. இரண்டு சேனலில் 'தகவல் இல்லை'. இன்னொன்றில் காலை எட்டு மணி ராசிபலன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகப் போட்டிருக்கும். தமிழ்நாட்டில் உள்ளூர் கேபிள்காரர்கள் வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கும் சாதாரண எஸ்டி (எச்டி தரம் இல்லாத) பெட்டிகளில் இதுதான் அன்றாட நிலை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயர் எதுவானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏனென்றால் கோளாறில் பெரும்பகுதி பெட்டிக்குள் இல்லை.

முதலில் பெட்டியின் பங்கு. 2012-இல் பெருநகரங்களில் தொடங்கி 2017 மார்ச் வரை நான்கு கட்டமாக கேபிள் டிஜிட்டலுக்கு மாறியபோது லட்சக்கணக்கில் இறக்கப்பட்டவை மலிவுப் பெட்டிகள். 64 அல்லது 128 எம்பி நினைவகம், அதில் கணிசமான பகுதி படத்தைப் பிரித்துக் காட்டவே போய்விடும். கைடு திரை 720க்கு 576 புள்ளியில் வரையப்பட்டது. 43 அங்குல டிவியில் அது இழுபட்டு, எழுத்து ஓரங்கள் கலங்கித் தெரியும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு சேனல், ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் கொள்ளும். அரை மணி நிகழ்ச்சியின் கட்டத்துக்குள் பெயர் பாதியில் வெட்டுப்படும். அம்புக்குறியை அழுத்தினால் ஒரு நொடி யோசித்துவிட்டு நகரும். பொறுமை இழந்து மறுபடி அழுத்தினால் இரண்டு வரிசை தாண்டிப் போய்விடும். இதெல்லாம் எரிச்சல்தான். ஆனாலும் பட்டியல் சரியாக இருந்தால் சகித்துக்கொள்ளலாம். இவற்றுக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண். பட்டியல் தப்பாக வரும் இடத்தில் ஒன்றுதான்.

தப்பு எங்கே நுழைகிறது? ஒவ்வொரு தொலைக்காட்சியும் தன் வாராந்தர அட்டவணையை முன்கூட்டியே தயாரித்து அனுப்புகிறது. தொழிலில் இதை எஃப்பிசி என்பார்கள். அந்தத் தாள் போகும்போது ஞாயிறு படம் எது என்று பல சேனல்களில் முடிவாகியிருக்காது. அதனால்தான் அந்த 'ஃபீச்சர் ஃபிலிம்'. தாள்களைத் திரட்டி ஒரே வடிவமாக்கி விற்கத் தனி நிறுவனங்கள் உண்டு. கேபிள் நிறுவனத்தின் ஹெட்எண்டில், அதாவது எல்லாச் சேனலையும் திரட்டி வீடுகளுக்கு அனுப்பும் நிலையத்தில், அதை வாங்கி, ஒவ்வொரு சேனலோடும் பொருத்தி, சிக்னலோடு கலந்து அனுப்ப வேண்டும். காசு கொடுத்துத் தரவு வாங்காத சிறிய நிறுவனங்களில் யாரோ ஒருவர் எக்செல்லில் தட்டி ஏற்றுவார். அவர் லீவு என்றால் போன வாரத்துப் பட்டியலே இந்த வாரமும் சுற்றும். பொங்கல், தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிகள் கைடில் வராததும், கிரிக்கெட் நீண்டுபோனால் அடுத்த நிகழ்ச்சி நகராததும் இதே காரணத்தால்தான். சேனல்காரர் கடைசி நேரத்தில் மாற்றியதைச் சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை யாரும் கொண்டுவருவதில்லை.

இனி கண்டுபிடிக்கும் வழி. கைடைத் திறந்ததும் நிகழ்ச்சிப் பெயரைப் பார்க்காதீர்கள், மூலையில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். கையில் இருக்கும் செல்போன் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

கேபிள் சிக்னலில் நேரம் கிரீன்விச் கணக்கில்தான் வருகிறது. பெட்டி அதனுடன் ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்ட வேண்டும். கடிகாரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கியிருந்தால் அந்தக் கூட்டல் நடக்கவில்லை என்று பொருள். மெனு, சிஸ்டம் செட்டிங், டைம் சோன் என்று போய் +5:30 வையுங்கள். 'ஆட்டோ' என்று இருந்து தப்பாகக் காட்டினால் கையால் மாற்றுங்கள். இரண்டரை மணி முந்தி ஓடினால், ஃபேக்டரி ரீசெட்டுக்குப் பிறகு பெட்டி சீன நேரமான +8-க்குப் போயிருக்கும்; மருந்து அதேதான். ஐந்தரை மணி முந்தி ஓடினால் விஷயம் வேறு. அங்கே ஹெட்எண்டில் இந்திய நேரத்தையே கிரீன்விச் நேரம் போல அனுப்புகிறார்கள், பெட்டி அதற்கு மேலும் ஐந்தரை கூட்டுகிறது. வீட்டில் டைம் சோனை பூஜ்யமாக்கித் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். அவர்கள் என்றைக்குத் திருத்துகிறார்களோ அன்று உங்கள் கடிகாரம் மறுபடி கெடும், அவ்வளவுதான். ஏழெட்டு நிமிடம் மட்டும் முன்பின் என்றால் ஹெட்எண்ட் சர்வரின் கடிகாரமே நகர்ந்திருக்கிறது. அதற்கு வீட்டில் மருந்து இல்லை.

கடிகாரம் சரி, ஆனால் இரவு ஏழரை மணி சீரியல் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு என்று காட்டுகிறதா? இந்திய நேரத்தில் வந்த அட்டவணையை மாற்றாமல் அப்படியே ஏற்றிவிட்டார்கள். இப்படியிருந்தால் எல்லாச் சேனலிலும் ஒரே அளவு தள்ளியிருக்கும். ஒன்றிரண்டு சேனலில் மட்டும் என்றால் அந்தச் சேனலின் தாளில்தான் பிழை.

பாட்டுச் சேனலில் கார்ட்டூன் பெயர் வருவது இன்னொரு வகை. ஒவ்வொரு சேனலுக்கும் ஹெட்எண்டில் ஒரு சர்வீஸ் எண் உண்டு. கேபிள் நிறுவனம் சேனல்களை ஒரு அலைவரிசையிலிருந்து (பல சேனல்களைச் சேர்த்துச் சுமக்கும் அதிர்வெண்) இன்னொன்றுக்கு மாற்றும்போது எண் மாறலாம். கைடு சர்வரில் பழைய எண்ணே இருந்தால், பட்டியல் வேறொருவர் வீட்டு வாசலில் போய் நிற்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017 விதிப்படி ஒரே வகைச் சேனல்கள் கைடில் அடுத்தடுத்து வர வேண்டும், அதற்குள் ஒரே மொழிச் சேனல்கள் சேர்ந்து வர வேண்டும், ஒரு சேனல் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். அந்த விதி பேசுவது சேனல்களின் வரிசையை. கட்டத்துக்குள் இருக்கும் நிகழ்ச்சிப் பெயரை அல்ல. வரிசை கச்சிதமாக இருந்து உள்ளடக்கம் குப்பையாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்.

அடுத்தது 'தகவல் இல்லை'. இதில் மூன்று வகை இருக்கிறது, மூன்றையும் பிரித்தறியச் சில நிமிடம் போதும்.

இன்ஃபோ பட்டனில் இப்போதைய நிகழ்ச்சியும் அடுத்ததும் வருகின்றன, ஆனால் கைடில் நாளைய பட்டியல் காலி என்றால், 'இப்போது–அடுத்து' மட்டும் அனுப்புகிறார்கள், வார அட்டவணையை அனுப்பவில்லை. இரண்டும் சிக்னலில் தனித்தனி அட்டவணைகள்.

பார்த்துக்கொண்டிருக்கும் சேனலுக்கும் அதன் அண்டைச் சேனல்கள் சிலவற்றுக்கும் மட்டும் பட்டியல் வந்து, மற்றவை காலியாக இருந்து, காலியான சேனலுக்கே போனால் அங்கே நிரம்புகிறதா? ஒவ்வொரு அலைவரிசையும் தன் சொந்தச் சேனல்களின் பட்டியலை மட்டும் சுமக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே அலைவரிசையைப் பிடிக்கும் ட்யூனர் ஒன்றே உள்ள பெட்டியால் மற்றவற்றை எட்டிப் பார்க்க முடியாது. சில நிறுவனங்களில் பட்டியல் தனி அலைவரிசையில் இருக்கும். கைடை அழுத்தியதும் ஓடும் படம் கறுத்துப்போவது அதனால்தான்.

மூன்றாவது வகை, முதலில் காலியாக இருந்து மெல்ல நிரம்புவது. இது கோளாறே இல்லை, சிக்கனம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 சேனல், நாளுக்கு 30 நிகழ்ச்சி, ஏழு நாள் என்றால் 63,000 பதிவுகள். ஒன்றுக்கு 150 பைட் வைத்தால் ஏறத்தாழ 9.5 எம்பி. பத்து நொடிக்கு ஒரு முறை முழுதும் சுற்றி வர வேண்டுமென்றால் நொடிக்கு 7.5 மெகாபிட் தேவை. 64 குவாம், 6900 சிம்பல் ரேட்டில் (சிக்னலில் தரவை ஏற்றும் முறையும் வேகமும்) ஒரு கேபிள் அலைவரிசையின் மொத்தக் கொள்ளளவே 38 மெகாபிட். கைடுக்காக எம்பெக்-4 முறையில் சுருக்கிய எஸ்டி சேனல் நாலின் இடத்தை எந்தக் கேபிள் நிறுவனமும் விட்டுக்கொடுக்காது. சுற்றை ஐந்து நிமிடமாக்கினால் கால் மெகாபிட்டில் முடிந்துவிடும். விலையை நாம் காத்திருந்து கொடுக்கிறோம். ஆகவே பெட்டியை ஆன் செய்து ஒரே சேனலில் ஐந்து நிமிடம் விட்டுவிட்டுக் கைடைத் திறந்து பாருங்கள். சில பெட்டிகள் சேனல் மாற்றும்போதெல்லாம் சேர்த்ததைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். சேனல் தாவிக்கொண்டே இருப்பவர் வீட்டில் கைடு நிரம்பவே நிரம்பாது.

நேற்றைய பட்டியலே இன்றும் நிற்கிறது என்றால் ரிமோட்டில் அணைத்து ஆன் செய்வதில் பயனில்லை. ஸ்டாண்ட்பையில் நினைவகம் அழியாது. அட்டவணை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 31 வரை ஒரு பதிப்பு எண் உண்டு. ஹெட்எண்டில் உள்ளடக்கத்தை மாற்றிவிட்டு எண்ணை மாற்ற மறந்தால், 'இது என்னிடம் இருப்பதுதானே' என்று பெட்டி பழையதையே வைத்துக்கொள்ளும். சுவர் சுவிட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். பெரும்பாலும் தீரும்.

இதற்கெல்லாம் கேபிள்காரப் பையன் வந்தால் முதலில் செய்வது ஃபேக்டரி ரீசெட். அதற்கு விடுவதற்கு முன், மெனுவில் இன்ஸ்டலேஷன் பக்கத்தைத் திறந்து முதன்மை அலைவரிசை, சிம்பல் ரேட், குவாம் மூன்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். சிம்பல் ரேட் பொதுவாக 6875 அல்லது 6900. அலைவரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அது தெரியாமல் ரீசெட் செய்தால் சேனலே வராது, கைடு கவலை தானாகத் தீர்ந்துவிடும்.

தமிழில் ஏன் வருவதில்லை என்று பலர் கேட்பது நியாயமான கேள்வி. தரநிலை தடுக்கவில்லை. ஆனால் பெயரும் சிறுகுறிப்பும் சேர்ந்து ஒரு பதிவுக்கு 250 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 முறையில் 'நிகழ்ச்சி' என்ற ஒரு சொல்லே 27 பைட் பிடிக்கும். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒன்பது. எழுத்துரு வேண்டும், 'கொ' என்பதில் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கத் தெரிந்த மென்பொருள் வேண்டும். மலிவுப் பெட்டியில் இரண்டும் கிடையாது. கட்டம் கட்டமாக வரும். அதனால் தங்லீஷ். அதிலும் ஒருவர் 'ழ'வுக்கு இஸட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல். தேடல் வசதி உள்ள பெட்டியிலும் தேடிக் கிடைக்காது. 2017-இல் வந்த பெட்டிக்கு இதை மன்னிக்கலாம். இன்று புதிதாகக் கொடுக்கும் பெட்டியிலும் அதே கதை என்பதை மன்னிக்க முடியாது.

நினைவூட்டல் வசதியை நம்ப வேண்டாம். எளிய பெட்டிகள் சேனலையும் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொள்கின்றன; நிகழ்ச்சி நகர்ந்தால் நினைவூட்டல் நகராது. யூஎஸ்பியில் பதிவு செய்யும் பெட்டியானால் முன்னால் ஐந்து நிமிடம், பின்னால் பதினைந்து நிமிடம் சேர்த்து வையுங்கள். விளையாட்டு என்றால் பின்னால் ஒரு மணி நேரம். ஃபேவரிட் பட்டியல்தான் உருப்படியான வசதி. பார்க்கும் இருபது சேனலை அதில் போட்டு, கைடையும் ஃபேவரிட்டிலிருந்தே திறந்தால், அப்படித் திறக்க விடும் பெட்டிகளில் பாதி எரிச்சல் குறையும்.

எச்டி பெட்டிக்கு மாறினால் தீருமா? எழுத்து தெளியும், பக்கத்துக்கு வரிசை கூடும், நகர்வு வேகமாகும். தரவு அதே ஹெட்எண்டிலிருந்து வருவதால் தப்பான பெயர் இன்னும் தெளிவாகத் தெரியும். கைடுக்காக மட்டும் மேல்பணம் கொடுக்காதீர்கள். டிடிஎச் இதில் தேவலை: நாடு முழுவதற்கும் ஒரே ஹெட்எண்ட், பட்டியலைக் கவனிக்கத் தனி ஆட்கள், பெரும்பாலும் ஏழு நாள் அட்டவணை. ஆனால் 'ஃபீச்சர் ஃபிலிம்' அங்கேயும் உண்டு, மழை பெய்தால் கைடோடு படமும் போகும். ஆண்ட்ராய்டு ஹைபிரிட் பெட்டிகள் கைடை இணையத்திலிருந்து இழுக்கின்றன. பார்க்க மிக நன்றாக இருக்கும், போஸ்டர் எல்லாம் வரும். பிராட்பேண்ட் அறுந்தால் சேனல் ஓடும், கைடு வெறிச்சோடும். உள்ளூர் கேபிள் சேனல்களுக்கு எந்தப் பெட்டியிலும் பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். என்ன படம் போடுவது என்று அவர்களே மதியம்தான் முடிவு செய்கிறார்கள்.

புதுப் பெட்டி பொருத்த வரும் ஆளிடம் கையெழுத்துப் போடும் முன் கைடைத் திறக்கச் சொல்லுங்கள். கடிகாரம், நாளை இரவு ஒன்பது மணிக் கட்டம், வெவ்வேறு வகையில் நாலைந்து சேனல்: ஒரு செய்தி, ஒரு சினிமா, ஒரு விளையாட்டு, ஒரு குழந்தைகள் சேனல். நாளைக்கான கட்டம் காலியாக இருந்தால் 'போகப் போக வரும்' என்பார். ஐந்து நிமிடம் உட்கார வைத்து டீ கொடுங்கள். வந்தால் உண்மை, வராவிட்டால் அது வராது.

புகார் செய்யும்போது 'கைடு சரியில்லை' என்று சொன்னால் ரீசெட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். 'கடிகாரம் சரி, 'இப்போது–அடுத்து' வருகிறது, வார அட்டவணை வரவில்லை' என்றோ, 'இந்த எண் சேனலில் அந்த எண் சேனலின் நிகழ்ச்சிப் பெயர் வருகிறது' என்றோ சொல்லுங்கள். தெருவிலிருக்கும் கேபிள்காரரால் இதில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, அவரைத் திட்டிப் பயனில்லை. கேபிள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கே பேசி, இரண்டு சேனல் எண்ணையும் பார்த்த நேரத்தையும் சொல்லி, புகார் பதிவானதற்கான டாக்கெட் எண்ணை வாங்கிக்கொண்டு போனை வையுங்கள்.