வான்கோழி வேட்டைக்கு 20 கேஜ் ஷாட்கன்: பல சீசன்கள் கழித்து என் கருத்து

வசந்தகால வான்கோழி வேட்டைக்கு முதல் துப்பாக்கி வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் இப்போது என் பதில் 20 கேஜ்தான். கேஜ் என்பது ஷாட்கன் குழலின் அளவு, எண் கூடக் கூடக் குழல் சிறியது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஓசார்க் மலைப்பகுதியில், பெரும்பாலும் மார்க் ட்வெய்ன் தேசிய வனத்தின் பொது நிலங்களில், 12 கேஜையும் 20 கேஜையும் பல சீசன்கள் சுமந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

முதலில் வைத்திருந்தது 12 கேஜ் ரெமிங்டன் 870. 1950இல் அறிமுகமான, முன்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன் மாடல். மழை, சேறு எதற்கும் அசராத துப்பாக்கி, அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதில் போட்டது 3 அங்குலத் தோட்டா: ஒன்றே முக்கால் அவுன்ஸ் ஈய ரவை, 5ஆம் நம்பர் (நம்பர் கூடக் கூட ரவை சிறியது). வான்கோழித் தோட்டாவின் உதை, புறாவுக்குப் போடும் தோட்டாவின் உதையைப் போல இருக்காது. தொடர்ந்து சில முறை சுட்டால் அடுத்த தடவை தோள் தானாகவே பின்வாங்கும், விசையை அழுத்தும் நொடியில் கண் மூடிக்கொள்ளும். மூன்றரை அங்குலத் தோட்டா இன்னும் முரடு. கடைக்காரர்கள் அதைப் பெருமையாக எடுத்துக் காட்டுவார்கள், ஆனால் வான்கோழிக்கு அது தேவையே இல்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

காரணம், வான்கோழியின் உடம்பில் சுடக் கூடாது. தடித்த இறகும் நெஞ்சுத் தசையும் ரவையை வாங்கிக்கொள்ளும், பறவை காயத்தோடு ஓடிப் புதருக்குள் போய்ச் சாகும். அது பறவைக்குச் செய்யும் கொடுமை. தலையும் கழுத்தும்தான் குறி. மூளையும் கழுத்தெலும்பும் சேர்ந்த அந்தப் பகுதி மிகக் குறுகியது, அதிலும் சேவல் (ஆண் வான்கோழி) நடக்கும்போது தலை நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அங்கே ஒரே சமயத்தில் நிறைய ரவை நெருக்கமாகப் போய்ச் சேர வேண்டும். பெரிய குழலை விட, ரவை எவ்வளவு நெருக்கமாக, சீராகப் போய் விழுகிறது என்பதுதான் இதற்கு முக்கியம்.

இங்கேதான் டங்ஸ்டன் ரவை எல்லாவற்றையும் மாற்றியது. டிஎஸ்எஸ் (டங்ஸ்டன் சூப்பர் ஷாட்) என்று கேட்டால் எல்லாக் கடையிலும் புரியும். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 11 கிராம் என்றால், இதற்குச் சுமார் 18. அதனால் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள 9ஆம் நம்பர் டிஎஸ்எஸ், 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள 5ஆம் நம்பர் ஈய ரவைக்கு ஈடாக ஆழமாய்ப் பாய்கிறது. ரவை சின்னதாக இருப்பதால் எண்ணிக்கை கூடுகிறது. என் பழைய 12 கேஜ் தோட்டாவில் ஏறக்குறைய 300 ஈய ரவைகள் இருந்தன. இப்போது போடும் 3 அங்குல 20 கேஜ் தோட்டாவில் ஒன்றரை அவுன்ஸ்தான், ஆனால் 500க்கும் மேற்பட்ட ரவைகள். சின்னக் குழல், குறைந்த எடை, சுட்டுப் பார்க்கும் சோதனைக் காகிதத்தில் ஓட்டைகள் அதிகம். ஃபெடரல் நிறுவனம் 2018இல் ஹெவிவெயிட் டிஎஸ்எஸ்ஸைக் கொண்டுவந்த பிறகுதான் இது சாதாரணக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்க ஆரம்பித்தது.

இப்போதைய துப்பாக்கி மாஸ்பெர்க் 500, 20 கேஜ். எனக்கு இதில் மிகவும் பிடித்தது சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தான், இருக்கும் இடம். குழலுக்குப் பின்னால் மேல்பக்கத்தில், கட்டை விரல் இயல்பாக உட்காரும் இடத்தில் இருப்பதால், கையை அசைக்காமல் தள்ளிவிடலாம். இடதுகைக்காரருக்கும் அதே வசதி. வான்கோழியின் கண்ணுக்கு எதிரே கை அசையாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே ஏறி, பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறி விடியலில் போகும்போது எடை குறைந்திருப்பதும் உடம்புக்கு நன்றாகவே தெரிகிறது.

சரி, சோக் விஷயத்துக்கு வருகிறேன். ரவை அதிகம் சிதறாமல் இருக்கக் குழலின் முனையைக் குறுக்கும், அங்கே திருகிப் பொருத்தும் இந்தச் சின்ன உருளையில்தான் பலரும் பணத்தைக் கொட்டுகிறார்கள். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது சரியல்ல. நான் பரிசோதிக்கும் முறை இது: ஆளுயரக் காகிதத்தை 40 கஜத் தூரத்தில் மாட்டி, சாய்மானம் வைத்துச் சுட்டு, ரவை மிக நெருக்கமாக விழுந்த இடத்தைச் சுற்றி 10 அங்குல வட்டம் வரைந்து, உள்ளே உள்ள ஓட்டைகளை ஒவ்வொன்றாக மார்க்கரால் புள்ளி வைத்து எண்ணுவது. வட்டத்துக்குள் 100 ரவை வேண்டும் என்பது வேட்டைக்காரர்களிடம் புழங்கும் கணக்கு. எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். வட்டத்துக்குள் உள்ளங்கை அளவுக்கு வெற்றிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், தலை அந்த இடத்தில் மாட்டினால் 200 ஓட்டை இருந்தும் பயனில்லை. என் துப்பாக்கியில் மிக இறுக்கமான சோக் ரவையை நடுவில் கட்டியாகவும் ஓரத்தில் வெற்றிடம் விட்டும் போட்டது. அதை விட ஒரு படி தளர்ந்தது சீராகப் பரப்பியது. உங்கள் துப்பாக்கியில் இது தலைகீழாகவும் வரலாம். தோட்டாவின் பிராண்டை மாற்றினால் மறுபடி காகிதத்தில் பார்த்தே ஆக வேண்டும்.

கிட்டத்தில் வரும் சேவலையும் மறந்துவிடக் கூடாது. 15 கஜத்தில் டிஎஸ்எஸ் ஒரு ஆரஞ்சுப் பழ அளவுக்குத்தான் விரிகிறது. கன்னம் துப்பாக்கிக் கட்டையில் சரியாகப் பதியாமல் தலையைத் தூக்கிப் பார்த்தால் மொத்த ரவையும் பறவைக்கு மேலே போய்விடும். அதனால்தான் ரெட் டாட் பொருத்தினேன், அதாவது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி. முதலில் வாங்கிய மலிவான ஒன்று குளிர் காலையில் கண்ணாடியில் பனி பிடித்துப் புள்ளியே தெரியாமல் போனது. அடுத்து வாங்கிய மூடிய வகையில் அந்தத் தொல்லை இல்லை. ரெட் டாட்டைச் சரிசெய்யும் வரை களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகப் பயன்படும் விலை மலிந்த தோட்டாக்களையே போடுங்கள். டிஎஸ்எஸ் ஒன்றின் விலை 10 டாலருக்கு மேல், அதைக் கடைசி உறுதிப்படுத்தலுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். விலை வலித்தாலும் அதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு. 1937ஆம் ஆண்டின் பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி தோட்டாக்கள் மீதான 11 சதவீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. கிட்டத்தட்ட அழிந்துபோன மிசௌரி வான்கோழி மீண்டு, 1960இல் வேட்டை மறுபடி திறக்கப்பட்டதன் பின்னால் இப்படிப்பட்ட பணமும் இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். கிரீன் கார்டு இருந்தால் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கலாம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று. மாநிலத்தின் விதியையும் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். மிசௌரியில் 4ஆம் நம்பரை விடப் பெரிய ரவை வான்கோழிக்குக் கூடாது. அப்புறம் உடையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் வேண்டாம், அவை சேவலின் தலை நிறங்கள். காட்டில் இன்னொரு வேட்டைக்காரர் இருக்கலாம், உங்களைச் சேவல் என்று நினைத்துவிடக் கூடாது.

கையில் ஏற்கெனவே 12 கேஜ் இருந்து, பட்ஜெட்டும் இடிக்கிறது என்றால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஈய ரவையில் 5ஆம் நம்பர், வின்செஸ்டர் லாங் பியர்ட் மாதிரி ஒன்று, ஃபுல் சோக், ஒரு மதியம் முழுக்கக் காகிதத்தில் சோதனை. ரவை சீராக விழும் தூரம் 35 கஜம் என்று காகிதம் சொன்னால் சேவல் 35 கஜத்துக்குள் வரும் வரை பெட்டையின் குரலில் அழைத்துக்கொண்டே காத்திருங்கள். டிஎஸ்எஸ் வைத்திருக்கும் நானும் 40 கஜத்தைத் தாண்டிச் சுடுவதில்லை.