வேலூர் வெயிலுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

எங்கள் லேபில் ரத்த மாதிரிகள் வைக்கும் ஃபிரிட்ஜின் வெப்பநிலையைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருஷமாகச் செய்து செய்து அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் முதன்முறையாக நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். தேதி, அறையின் சூடு, பிராசஸரின் சூடு, கிராஃபிக்ஸ் கார்டின் சூடு, என்ன விளையாடினேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என் அறை இரண்டாவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. ஏசி கிடையாது. கத்திரி வெயிலில் மதியம் மூன்று மணிக்குச் சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் 37 காட்டும். யூடியூபில் பார்க்கும் டெஸ்ட் எல்லாம் 20, 22 டிகிரி அறையில் எடுத்தவை. அந்த எண்களை நம்பி நான் வாங்கியதில் சிலது சரியாக அமைந்தது, சிலது சொதப்பியது.

விளையாடுவது யூரோ டிரக் சிமுலேட்டர் 2. சிரிக்க வேண்டாம். அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், ஆம்பூர் தோல் லோடு. நான் முதலில் போனில் பஸ்ஸிட்டில் (பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா என்ற கேம்) ரசிகர்கள் செய்த நம்மூர் அரசு பஸ் மாட் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகு தம்பியின் பழைய லேப்டாப்பில் டிரக்குக்கு மாறினேன். மழை பெய்யும் ராத்திரியில் பெரிய ஊருக்குள் நுழைந்தால் லேப்டாப் மூச்சு வாங்கும். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பா, "வண்டி திக்குதும்மா, டீசல்ல தண்ணி கலந்துட்டாங்களா?" என்பார்.

சென்னை சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம், அங்கிருந்து நடை தூரம் கம்ப்யூட்டர் பாகக் கடைகள் இருக்கும் ரிச்சி தெரு. முதல் தடவை விலை கேட்க மட்டும் போனேன், இரண்டாம் தடவை வாங்க. இரண்டும் சனிக்கிழமை. நான் கொடுத்த விலை: பிராசஸர் 12,600, மதர்போர்டு 9,800, ராம் 3,400, கிராஃபிக்ஸ் கார்டு 22,500, எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிப்பது) 4,200, எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்குக் கரண்ட்டை மாற்றித் தரும் பெட்டி) 4,300, கேபினெட் 3,900. மொத்தம் 60,700 ரூபாய், ஜிஎஸ்டி உட்பட, பில்லோடு. மானிட்டர் ஏற்கெனவே இருந்தது. ஒரு கடையில் பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பில்லும் அதில் சீரியல் நம்பரும் இல்லாவிட்டால் வாரண்டிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அடுத்த கடைக்குப் போய்விட்டேன்.

பிராசஸர் ஏஎம்டி ரைசன் 5 5600. ஆறு கோர் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் மூளைகள்), பன்னிரண்டு திரெட் (ஒரே சமயத்தில் கையாளும் வேலைகள்), 65 வாட். டிரக் கேம் பல கோர்களை வைத்து வேலை வாங்கத் தெரியாத பழைய ஆள். 2012-ல் வந்தது, ஒற்றைக் கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் அதற்குக் கணக்கு. அதனால் எட்டுக் கோருக்குக் கூடுதல் காசு கொடுக்கவில்லை. கடைக்காரர் 5600ஜி எடுக்கச் சொன்னார், அதில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, கார்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று. யோசனை மோசமில்லை. ஆனால் அதில் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பிதான், 5600-ல் 32. கார்டு எப்படியும் வாங்கப் போகிறேன் என்றால் 5600-தான் சரி. ஒரே தொல்லை, கார்டு பழுதானால் திரையில் எதுவுமே வராது. முதல் நாள் மானிட்டர் வயரை மதர்போர்டில் சொருகிவிட்டு அரை மணி நேரம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டில் சொருக வேண்டும் என்று பிறகுதான் உறைத்தது.

மதர்போர்டு பி550 வகை. பி450 மூவாயிரம் குறைவாகக் கிடைத்தது. எனக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் கார்டு. நான் எடுத்தது ரேடியான் ஆர்எக்ஸ் 6600, அது போர்டோடு பதினாறு லேனுக்கு (தகவல் போகும் பாதை) பதில் எட்டு லேனில்தான் பேசும். பி550-ல் அந்த எட்டும் பிசிஐ 4.0 வேகத்தில் ஓடும், பி450-ல் 3.0. தவிர, ரொம்ப நாள் கடையில் கிடந்த பி450 போர்டு என்றால் பயோஸை (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்யாமல் 5600-ஐ அடையாளமே தெரிந்துகொள்ளாது. முதல் முறை பூட்டுகிறவர்களுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

இப்போது கிராஃபிக்ஸ் கார்டு. தம்பி ஆர்டிஎக்ஸ் 3060 என்று ஒற்றைக் காலில் நின்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது: 12 ஜிபி மெமரி, என் கார்டில் 8. ரே டிரேஸிங்கில் (வெளிச்சம், நிழலை நிஜம் போலக் காட்டுவது) 3060 தேவலை, பிளெண்டர் மாதிரி 3டி வேலை செய்கிறவர்களுக்கும் அதுதான். ஆனால் அது 170 வாட் இழுக்கும், 6600-க்கு 132. வித்தியாசம் 38 வாட்தானே என்று தோன்றும். இரண்டு எல்இடி டியூப்லைட் எரிகிற கணக்கு அது. இழுக்கிற கரண்ட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் என் அறைக்குள் இறங்கும், நான் அதில் உட்கார வேண்டும். இரண்டுக்கும் அன்று விலை வித்தியாசம் ஐந்தாயிரத்துக்கு மேல். 1080பி மானிட்டரில் டிரக் ஓட்ட 6600 தாராளம். செகண்ட் ஹேண்ட் கார்டுகளும் நிறையக் கொட்டிக் கிடந்தன. 2022 செப்டம்பரில் எதேரியம் மைனிங் (கார்டுகளை இடைவிடாமல் ஓட்டி டிஜிட்டல் காசு சம்பாதிப்பது) நின்றுபோனதும் விற்பனைக்கு வந்தவை அதில் எத்தனையோ. ஒரு கார்டைக் கையில் எடுத்து ஃபேனைச் சுற்றிப் பார்த்தேன், கரகரவென்றது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். "அக்கா, கேபினெட்டோடயே எஸ்எம்பிஎஸ் வருது, 450 வாட், எதுக்குத் தனியா நாலாயிரம் போடறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர். கையில் வாங்கிப் பார்த்தேன். தக்கை மாதிரி இருந்தது. ஓரத்து ஸ்டிக்கரைப் படித்தால் 12 வோல்ட் வரிசையில் அவர்களே போட்டிருந்த ஆம்பியர் கணக்கு முந்நூறு வாட்டைக்கூடத் தொடவில்லை. பிராசஸரும் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட்டில்தான், மீதி எண்கள் எல்லாம் பெட்டிக்கு மேல் எழுதி வைக்கத்தான். என் கணக்கு இப்படி: பிராசஸர் அதிகபட்சம் 76, கார்டு 132, மற்றதெல்லாம் சேர்த்து ஐம்பது, அறுபது. முக்கி முக்கி 270 வாட். 550 வாட் பிரான்ஸ் எடுத்தேன், நிம்மதியாக ஓடுகிறது.

ஆனால் 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அந்தச் சோதனை 23 டிகிரியை ஒட்டிய சூட்டில் நடப்பது, அது சொல்வதும் கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே. வேலூர் மே மாதத்தில், கேபினெட்டுக்கு உள்ளே, முழு வாட்டையும் தருமா என்பது வேறு கேள்வி. சில கம்பெனிகள் 40 டிகிரி அல்லது 50 டிகிரி வரை முழு வாட் தரும் என்று டேட்டா ஷீட்டில் எழுதுகிறார்கள். நான் 50 என்று எழுதியிருந்ததைத் தேடி வாங்கினேன். கடையில் யாருக்கும் நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை, போனில் டேட்டா ஷீட்டைத் திறந்து நானே பார்த்துக்கொண்டேன். வீட்டில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் இருந்த பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இதைச் சொருகியது மட்டும் என் தப்பு. கரண்ட் போன நொடியில் மெஷினும் போய்விடும். கம்ப்யூட்டருக்கென்று தனியாக யுபிஎஸ் வாங்குவதானால், 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், அதையும் பார்த்து வாங்குங்கள்.

ராம் 16 ஜிபி, எட்டு எட்டாக இரண்டு, 3200 வேகம். பெட்டியில் 3200 என்று எழுதியிருந்தாலும் பயோஸில் எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கை ஆன் செய்தால்தான் அந்த வேகம் வரும். அது தெரியாமல் இரண்டு மாதம் 2400-ல் ஓட்டியிருக்கிறேன். லோடு ஏற்றும் வண்டியை முதல் கியரிலேயே ஓட்டினாயா என்று கேட்டார் அப்பா. எஸ்எஸ்டி பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, 1 டிபி, வேலை செய்கிறது.

பூட்டியது ஒரு ஞாயிறு, ஹாலில் பாய் விரித்து. ஏஎம்4 வகை சாக்கெட்டில் உட்காரும் இந்தப் பிராசஸரின் அடியில் 1331 ஊசிகள், முடியைவிடக் கொஞ்சம் தடிமன். ஸ்லைடைப் பிடிக்கிற மாதிரி ஓரத்தில் பிடித்து, மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தை சாக்கெட் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தேன். அழுத்தவே இல்லை, தானாக இறங்கியது. அதன் பிறகுதான் பயந்தேன். கூடவே வரும் கூலரை மாட்ட, போர்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளைக் கழற்ற வேண்டும். நான்காவது ஸ்க்ரூ வந்ததும் போர்டுக்குப் பின்னால் இருந்த இரும்புத் தகடு டங்கென்று பாயில் விழுந்தது. எதையோ உடைத்துவிட்டேன் என்று ஒரு நிமிடம் கை நடுங்கியது. ஒன்றுமில்லை, அந்தத் தகட்டைப் பின்னால் இருந்து ஒரு கை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அதில்தான் கூலரின் ஸ்க்ரூ ஏறும். அம்மாவைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னேன். அவர் கையில் கொஞ்சம் மாவு இருந்தது, துடைத்துவிட்டு வந்தார்.

எல்லாம் நன்றாக இருந்தது, மே வரும் வரை.

என் சொதப்பல் கேபினெட்தான். முன்பக்கம் முழுக் கண்ணாடி, உள்ளே மூன்று கலர் ஃபேன், பார்க்க மாரியம்மன் கோயில் சீரியல் செட் மாதிரி மின்னும். காற்று உள்ளே போக ஓரத்தில் விரல் அகலச் சந்து. பிராண்டைச் சொல்லப் போவதில்லை, இதே டிசைனை எத்தனையோ பேர் விற்கிறார்கள். 2024 மே 11-ம் தேதி நோட்டில் இருக்கிறது: அறை 37, பிராசஸர் 86, கார்டு 85, கார்டின் ஹாட்ஸ்பாட் (சிப்பில் அதிகம் சூடாகும் இடம்) 102. டிரக் கேமில் ஸ்கேலிங்கை (படத்தைப் பெரிதாக வரைந்து சுருக்கிக் காட்டும் செட்டிங்) 300-க்கு ஏற்றினால் கார்டு முழு மூச்சில் ஓடும், அப்போது எடுத்தது. பிராசஸருக்கு எல்லை 90. ஃபேன் சத்தத்தில் லாரி இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து ஒரு வாரம் ஓட்டினேன், பல்லி ஒன்று உள்ளே எட்டிப் பார்த்த அன்று நிறுத்தினேன்.

முன்பக்கம் மெஷ் வைத்த சாதாரணக் கேபினெட் 3,600 ரூபாய்க்கு வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன். கலர் லைட் கிடையாது. மே 26: அறை 37, பிராசஸர் 79, கார்டு 75, ஹாட்ஸ்பாட் 89. வேறு எதையும் மாற்றவில்லை. கார்டில் மட்டும் பத்து டிகிரி, வெறும் ஓட்டை போட்ட தகரத்தால். முதலில் இதை வாங்கியிருந்தால் அந்த 3,900 கையில் இருந்திருக்கும். மெஷ்ஷில் தூசி அடையும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுகிறேன்.

கூடவே வந்த கூலர் மற்ற மாதங்களுக்குப் போதும், கத்திரிக்குச் சத்தம் அதிகம். இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒற்றை டவர் கூலர் போட்டதும் 79 என்பது 68 ஆனது. பழைய கூலரைக் கழற்றும்போது ஒன்று கவனியுங்கள். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால் நேராக இழுக்கும்போது பிராசஸரும் சாக்கெட்டில் இருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளையும். கால் மணி நேரம் கேம் ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுத்தேன். தோசைக் கல்லில் ஒட்டியதை எடுக்கிற பொறுமை வேண்டும். காசே செலவழிக்காமல் சூட்டைக் குறைக்க இன்னொரு வழி, கேமில் எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது) 75-க்குக் கட்டிப் போடுவது. என் மானிட்டர் அதற்கு மேல் காட்டாது, காட்டாத ஃபிரேமுக்கு எதற்குக் கரண்ட்?

இதே பட்டியலை இன்று அப்படியே வாங்கச் சொல்ல மாட்டேன். புதிதாகப் பூட்டுகிறவர்கள் அடுத்த தலைமுறை ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ராம் விலையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும், அதில் வரும் ரைசன் 5 7600-ல் சின்னதாக ஒரு கிராஃபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது, கார்டு படுத்தாலும் திரை வரும். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினெட்டும் என் பட்டியலில் போல ஒன்று உருப்படியாகவும் ஒன்று தண்டமாகவும் ஆகிவிடாமல், இரண்டையும் உங்கள் அறைக்கு ஏற்றபடி பாருங்கள். என்னிடம் கேட்டால் பிராசஸருக்கு ஐந்தில் நாலரை, கார்டுக்கு நாலு, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்து, கண்ணாடிக் கேபினெட்டுக்கு ஒன்று. அந்த ஒன்றும், அம்மா இப்போது அதில் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கி வைத்திருப்பதால்.

தம்பி இன்னமும் 3060 பல்லவியை விடவில்லை. தாராளமாக வாங்கட்டும், அவன் அறையில் ஏசி இருக்கிறது.