புரோ எவல்யூஷன் சாக்கரா, ஃபிஃபாவா?

2006ஆம் ஆண்டு வாக்கில் புதுச்சேரி முத்தியால்பேட்டையின் கேம் சென்டர் ஒன்றில் கொனாமி நிறுவனத்தின் புரோ எவல்யூஷன் சாக்கர், இஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ஃபிஃபா என்ற இரு கால்பந்து வீடியோ கேம்களும் இருந்தன. திடலில் பந்து உதைத்துவிட்டு வரும் நாங்கள் முதலாவதையே கேட்டோம். ஏனெனில் அதில் பந்து காலில் ஒட்டிக்கொள்ளாமல் தனக்கென ஓர் எடையோடு உருண்டது, பாஸ் பிசகினால் பிழை நம்முடையதே என்பதும் உடனே விளங்கியது.

ஃபிஃபாவின் வலு, அணிகளின் உண்மைப் பெயர்களைப் பயன்படுத்தும் உரிமங்களில் இருந்தது. அங்கே இங்கிலாந்தின் லிவர்பூல் தன் பெயரிலேயே ஆடியது. புரோ எவல்யூஷன் சாக்கரில் அதே அணி 'மெர்சிசைட் ரெட்' என்று வந்தது. ஆட்டத்தின் அழகால் அப்பெயரும் எங்களுக்குப் பழகிவிட்டது.

பிளேஸ்டேஷன் 3 என்ற கேம் கருவியின் தலைமுறைக்கு மாறும்போது கொனாமி தடுமாற, ஃபிஃபாவோ ஆட்டத்தின் இயக்கத்தைத் திருத்தியமைத்து, 2009இல் வீரர் அட்டைகளைச் சேர்த்துச் சொந்த அணி அமைக்கும் அல்டிமேட் டீம் முறையையும் சேர்த்துக்கொண்டு முந்திச் சென்றது. 2018இல் ஐரோப்பிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் உரிமமும் கொனாமியிடமிருந்து இஏவுக்குக் கைமாறியது. 2021 செப்டம்பரில் இஃபுட்பால் என்ற பெயரில் இலவசமாக வெளிவந்த கொனாமியின் ஆட்டம், சிதைந்து தெரிந்த முகங்களுக்காகக் கடுங்கண்டனத்தைச் சந்தித்தது. நிறுவனமே மன்னிப்புக் கோரியது. 2023இல் ஃபிஃபா என்ற பெயரை விட்டு இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி ஆன பின்னும் இஏவின் தொடர் நிலைத்தது.

இன்றைய அணிகளும் லீக்குகளும் வேண்டுவோர் அதையே வாங்கலாம். ஆட்டநயத்துக்கு நான் இன்றும் புரோ எவல்யூஷன் சாக்கர் 6ஐத்தான் தேர்வேன்.